ராஜோ திறந்த கதவு: ‘தமஸ்’ தொடரும் பிளவுண்ட குடும்பங்களும்

1988ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் ‘தமஸ்’ என்னும் தொடர் காட்டப்பட்டது. தனியார் அலைவரிசைகள் இல்லாத காலம் அது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ளவர்கள் அனைவரும் ஒரே திரையைத்தான் பார்த்தாக வேண்டும். ஞாயிறு காலைகளில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ ஓடிக்கொண்டிருந்தது. அயோத்தியில் பாபரி மஸ்ஜிதின் பூட்டு 1986 பிப்ரவரி முதல் நாள் திறந்துவிடப்பட்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. மீரட் நகரத்து ஹாஷிம்புராவில் முஸ்லிம் ஆடவர்களைக் காவற்படையினர் வாகனத்தில் ஏற்றிச் சென்று சுட்டுக் கொன்ற கொடுமை 1987 மே மாதத்தில் நிகழ்ந்தது. (அவ்வழக்கில் தண்டனை கிடைக்க 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.) இத்தகைய வேளையில், 1947 மார்ச்சில் பஞ்சாபில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தை அரசின் தொலைக்காட்சியே நாடெங்கும் காட்டியது என்பது இன்று எண்ணிப் பார்க்கையில் வியப்பளிக்கிறது.

‘தமஸ்’ என்றால் இருள். பீஷ்ம சாஹ்னி இந்தியில் எழுதி, 1975இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியா வந்து சேர்ந்த கோவிந்த் நிஹலானி அதனை ஏறத்தாழ ஐந்து மணி நேரப் படமாக்கிப் பகுதி பகுதியாகத் தொலைக்காட்சிக்கு அளித்தார். ஓம் பூரி, தீபா சாஹி, அம்ரீஷ் பூரி, ஏ.கே. ஹங்கல், தீனா பாடக், சுரேகா சிக்ரி ஆகியோர் நடித்தனர். நாவலாசிரியரும் நடித்தார். அவர் ஏற்ற பாத்திரம் எது என்பதில் நாம் சொல்ல விழையும் செய்தியின் ஒரு பகுதி அடங்கியுள்ளது. அதற்குப் பின்னர் வருவோம்.

தொடர் ஒளிபரப்பாகிக் கொண்டிருக்கையிலேயே வழக்கும் வந்தது. எதிர்ப்பு ஒரு தரப்பிலிருந்து மட்டும் எழவில்லை. இந்து அமைப்புகள் சில தம்மை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டின. இதைக் கண்டு முஸ்லிம்கள் மீது பகைமை வளரும் என்று அஞ்சியோரும் இருந்தனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜனவரி 21ஆம் நாள் இடைக்காலத் தடை பெறப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் மறுநாள் படம் முழுவதையும் போட்டுப் பார்த்தனர். அதற்கடுத்த நாள் தடையை நீக்கினர். படத்தைப் பாராமலே தீர்ப்புக் கூறுவது நம் நாட்டில் புதிதன்று என்பதால், அவர்கள் பார்த்தனர் என்பதைக் குறிப்பாகச் சொல்கிறோம். பின்னர் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்ற வழக்கை நீதிபதிகள் சவ்யசாசி முகர்ஜி, ரங்கநாதன் ஆகியோர் 1988 பிப்ரவரி 16ஆம் நாள் தள்ளுபடி செய்தனர்.

வழக்குத் தொடுத்தோர் முன்வைத்த வாதம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. உண்மையே ஆயினும் அதனை அப்பட்டமாக எல்லா வேளையிலும் காட்டுதல் நன்மை பயக்காது. எழுத்தறிவற்ற மக்கள் மிகுந்த நாட்டில் இது தீயை மூட்டும் என்றனர் அவர்கள். எழுத்தறியாதார் என்பதால் பகுத்தறியாதார் ஆகிவிடமாட்டார் என்பது பம்பாய் நீதிபதிகள் தந்த மறுமொழியின் சாரம். ஒரு படைப்பின் விளைவைக் கோழை நெஞ்சங்களின் அளவுகோலால் அளக்கலாகாது, திடமும் துணிவும் உள்ள மனிதரின் அளவுகோலாலேயே அளக்க வேண்டும் என்று நாற்பதாண்டுகளுக்கு முன் நாகபுரி நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் வகுத்த நெறியை உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. திரைப்படத் தணிக்கை பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றளவும் மேற்கோளாகி வருகிறது.

நீதிமன்றம் விடை கூறியது சட்ட வினாவுக்கு. முஸ்லிம் வாசகர் மனத்தில் எழும் வினா வேறு. இக்கதையில் நாம் எவ்வாறு காட்டப்பட்டுள்ளோம்? கதை நிகழும் மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். உயிரும் உடைமையும் இழந்து ஓடுவோர் சீக்கியரும் இந்துக்களும். இந்தியத் தொலைக்காட்சியில், 1988இல், முஸ்லிமைத் தாக்குபவனாகக் காட்டும் கதை எதற்கு? இவ்வினாவை நாம் தவிர்த்துச் செல்லப் போவதில்லை. ஆனால் கதைக்குள் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து சென்ற பிறகே அதற்கு விடை தேடுவது முறையாகும்.

முதலில் கதையின் தொடக்கம். தோல் உரிக்கும் தொழிலாளியான நத்துவிடம் ஒரு பன்றியைக் கொன்று தருமாறு பணிக்கப்படுகிறது. கால்நடை மருத்துவருக்குத் தேவைப்படுகிறது என்று காரணம் சொல்லப்படுகிறது. விடிந்ததும் அப்பன்றி பள்ளிவாசல் படிக்கட்டில் கிடக்கிறது. பதிலுக்கு ஒரு பசு கொல்லப்படுகிறது. தானியச் சந்தை எரிகிறது. நாவலில் நத்துவை ஏவியவன் முராத் அலி என்னும் தரகன். அவனும் முஸ்லிம்தான். அவனை ஏவியவர் யார் என்பதை நாவல் இறுதிவரை சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு கூர்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். கலவரம் தானாகப் பற்றிக்கொள்வதில்லை, அதனைச் செய்விக்க ஆள் வேண்டும், அந்த ஆள் எம்மதத்தவனாகவும் இருக்கலாம் என்பது அங்கே உணர்த்தப்படுகிறது. மாவட்டத்தின் டெபுடி கமிஷனர் ரிச்சர்டு என்னும் ஆங்கிலேயன் பௌத்தச் சிலைகளைச் சேர்ப்பவன். அருகிலுள்ள தட்சசீலத்து இடிபாடுகளைப் பற்றி மனைவி லிசாவிடம் மணிக்கணக்கில் பேசுவான். நகரத்துப் பெரியவர்கள் வந்து ஊரடங்கு வேண்டும், படை வேண்டும் என்று கெஞ்சும்போது அவனுக்கு அவசரம் தோன்றுவதில்லை. எல்லாம் எரிந்து முடிந்தபின் ஒரு விமானம் தாழப் பறக்கிறது. கலவரம் உடனே அடங்குகிறது. அதை முன்னரே பறக்கவிட்டிருக்கலாமே என்று கேட்பார் எவருமில்லை.

நாவல் ஊரின் பெயரைச் சொல்வதில்லை. எனினும் அது ராவல்பிண்டி என்பதை அறியாதார் இல்லை. பஞ்சாப் பிரதமர் கிஸர் ஹயாத் திவானா 1947 மார்ச் 2இல் பதவி விலகினார். யூனியனிஸ்டு, காங்கிரசு, அகாலிக் கூட்டமைச்சரவை அத்துடன் வீழ்ந்தது. மார்ச் 5இல் ஆளுநர் ஜென்கின்ஸ் ஆட்சிப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். லாகூரிலும் அமிர்தசரஸிலும் முல்தானிலும் மூண்ட கலவரம் சில நாள்களில் ராவல்பிண்டி நகரத்தையும் அதன்பின் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் பற்றியது. பிரிவினை பற்றிய அறிவிப்பு வெளிவந்தது ஜூன் 3இல்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எல்லைக்கோடு வரையப்படுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே வீடுகள் பிளவுபட்டுவிட்டன.

ஹர்னாம் சிங் அத்தகைய சிற்றூர் ஒன்றில் தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர். ஊரில் அவர் குடும்பம் ஒன்றே சீக்கியக் குடும்பம். மகன் இக்பால் சிங் வேறோர் ஊரில் இருக்கிறான். மகள் ஜஸ்பீர் சையத்பூருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள். நண்பர் கரீம் கான் ஒருநாள் கடைப்பக்கம் வந்து, இனி இங்கிருக்க வேண்டா என்று குறிப்பால் உணர்த்திவிட்டுச் செல்கிறார். முதியவரும் மனைவி பந்தோவும் இரவோடிரவாக வெளியேறுகின்றனர். அவர்கள் கண்ணெதிரேயே கடை சூறையாடப்பட்டு எரிகிறது. விடியற்காலையில் அறியாத ஒரு சிற்றூரில் முதலில் தென்பட்ட கதவைத் தட்டுகிறார்கள்.

கதவைத் திறப்பவள் ராஜோ. அவள் ஒரு முஸ்லிம் குடியானவப் பெண். வீட்டு ஆண்கள் வெளியே சென்றிருக்கிறார்கள். எதற்குச் சென்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மருமகள் தடுக்கிறாள். ராஜோ சற்றுத் தயங்கிவிட்டு இருவரையும் உள்ளே விடுகிறாள். உண்ண ஏதோ தருகிறாள். சுரேகா சிக்ரி இக்காட்சியில் ஏதும் பெரிதாகச் செய்வதில்லை. அவர் முகத்தில் அச்சமும் எரிச்சலும் இரக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. கருணையே வடிவான தேவதையாக நடிக்காமல், அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சும் ஒரு சாதாரணப் பெண்ணாக நடித்தமையால்தான் அந்தக் காட்சி நிலைத்தது.

பின்னர் ராஜோவின் கணவர் எஹ்சான் அலி வீடு திரும்புகிறார். தலையில் கொள்ளையிட்ட டிரங்குப் பெட்டி. அப்பெட்டி ஹர்னாம் சிங்கினுடையது. பூட்டை உடைக்கத் தொடங்கும்போது, உடைக்க வேண்டா, சாவி என்னிடம் இருக்கிறது என்று பெட்டிக்குரியவர் எடுத்து நீட்டுகிறார். எஹ்சான் அலிக்கு அவரை முன்பே தெரியும். இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நாணத்தால் தலை கவிழ்கிறார். கொள்ளைக்காரனும் கொள்ளை கொடுத்தவனும் பழைய அறிமுகத்தின் காரணமாகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாமல் நிற்கும் இந்தச் சில நொடிகளை எந்தக் கலவர விசாரணை ஆணையத்தின் அறிக்கையிலும் காண இயலாது. மகன் ரம்ஜான் வெறிகொண்டவன். ஒளிந்திருப்பவர்களை அறிந்ததும் கோடரியோடு பாய்கிறான். ஓங்கிய கோடரியை அவனால் இறக்க இயலவில்லை. தெருவில் ஓடுபவனைக் கொல்வது ஒன்று, தன் வீட்டுக் கூரையின் கீழ் அமர்ந்திருக்கும் கிழவரைக் கொல்வது வேறொன்று என்பதை அவன் கை அறிந்திருக்கிறது.

அன்றிரவே ராஜோ அவ்விருவரையும் ஊர் எல்லை வரை தானே அழைத்துச் சென்று வழிகாட்டி அனுப்புகிறாள். பெட்டியிலிருந்த பந்தோவின் நகைகளையும் திருப்பித் தருகிறாள். இதைப் பார்க்கும்போது நமக்குத் திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயத்து ஆறாம் வசனம் நினைவுக்கு வராமல் இராது. போரைப் பற்றிப் பேசும் அத்தியாயம் அது. அதன் நடுவிலேதான், இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடு, பின்னர் அவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்த்துவிடு என்ற கட்டளையும் அமைந்துள்ளது. அடைக்கலம் தந்தால் மட்டும் போதாது. பாதுகாப்பான இடம் வரை சேர்ப்பித்தல் கடமை. ராஜோ வேதம் ஓதத் தெரிந்தவளா என்று கதை கூறுவதில்லை. மார்க்கத்தின் பெயரால் கோடரி ஏந்திய மகனை விட மார்க்கம் எங்கே நின்றது என்பதை அவளுடைய கால்கள் அறிந்திருந்தன எனலாம். கதையின் முடிவில் நகரத்தில் ‘அமன்’ குழு அமைத்து ஒரு பேருந்தில் ஒலிபெருக்கி கட்டிச் சமாதான முழக்கமிட்டுச் செல்வார்கள். அதில் முன்னால் அமர்ந்து உரத்துக் கத்துபவன் பன்றியைக் கொல்வித்த முராத் அலி. அமன், அமான், அமானிதம் எல்லாம் ஒரே அரபு வேரில் பிறந்த சொற்கள்.

பெற்றோருக்கு அவ்வாறு அடைக்கலம் கிடைத்த அதே நேரத்தில் மகனுக்கு நேர்ந்தது வேறு. நாவலில் அப்பகுதி அடுத்தே வருகிறது. வழியில் தனியே அகப்பட்ட இக்பால் சிங்கை ரம்ஜானும் கூட்டாளிகளும் துரத்துகின்றனர். குகையொன்றில் பதுங்கியவனைக் கல்லால் அடிக்கின்றனர். மதம் மாறச் சம்மதித்தால் உயிர் தப்பலாம் என்கின்றனர். சம்மதித்ததும் கல்லெறிந்தவர்களே கட்டித் தழுவுகின்றனர். முடி வெட்டப்படுகிறது, வாயில் பச்சை இறைச்சி திணிக்கப்படுகிறது, பொழுது சாய்வதற்குள் அவன் இக்பால் அஹ்மத் ஆகிவிடுகிறான். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று பகரா அத்தியாயம் அறிவித்திருக்க, இதனை எப்பெயரிட்டு அழைப்பது? எழுத்தாளர் இங்கே இஸ்லாத்தைக் குறை கூறினார் என்று சிலர் சொல்வர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கூட்டம் தன் வெற்றிக்கு மார்க்கத்தின் சடங்குகளை அணிவித்துப் பார்ப்பதை அவர் காட்டுகிறார். அக்காட்சியைக் கண்டு முதலில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாமே.

மகள் ஜஸ்பீரின் கதை சையத்பூர் குருத்வாராவில் முடிகிறது. ஆண்கள் போரிட்டுத் தோற்கும் நிலையில், பெண்கள் குழந்தைகளோடு வரிசையாகச் சென்று கிணற்றில் குதிக்கிறார்கள். முன்னே செல்பவள் ஜஸ்பீர். இது கற்பனை அன்று. ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்ஸா என்ற சிற்றூரில் 1947 மார்ச்சில் சுமார் 90 பெண்கள் இவ்வாறு கிணற்றில் பாய்ந்தனர். நெடுங்காலம் அது வீர மரணம் என்றே போற்றப்பட்டு வந்தது. 1998இல் வெளிவந்த தம் நூலில் ஊர்வசி புட்டாலியா உயிர் தப்பியோரிடம் நேரில் பேசி வேறு வினாக்களை எழுப்பினார். அப்பெண்கள் தாமே விரும்பிக் குதித்தனரா? குடும்பத்து ஆண்களே பெண்களை வாளால் வெட்டிய நிகழ்ச்சிகளுக்கு என்ன பெயர்? சமூகத்தின் மானம் பெண்ணின் உடம்பில் இருக்கிறது என்று எல்லாச் சமயத்தவரும் ஒருமித்து நம்பியதால் அல்லவா அவ்வுடம்பைக் குலைப்பதே எதிரியின் குறிக்கோளாயிற்று? நிஹலானியின் கேமரா அக்கிணற்றை நெருங்கும்போது வீர மரணம் என்னும் பழைய நோக்கிலிருந்து முற்றிலும் விடுபட்டதாகச் சொல்ல இயலாது. பெண்களின் முகத்தில் ஒளி ஏறுகிறது. வன்ராஜ் பாட்டியாவின் இசை உயர்கிறது. தொடரின் மிகப் புகழ்பெற்ற காட்சி இது. ஆயினும் நம் மதிப்பில் ராஜோவின் வீட்டுக் காட்சிக்கு இது ஈடாகாது.

நாவலாசிரியர் அந்நோக்கில் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று பின்னே வருகிறது. கலவரம் அடங்கிய பின் நிவாரண அலுவலகத்தில் ஒரு எழுத்தர் அமர்ந்து கணக்கெடுக்கிறார். கதை வேண்டா, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள். எத்தனை பேர் இறந்தனர், எவ்வளவு சொத்து அழிந்தது? வரும் ஒவ்வொருவரும் கதையைத்தான் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவர் மட்டும் மெல்ல அருகில் வந்து, கிணற்றில் கிடக்கும் தம் மனைவியின் கையில் தங்க வளையல்கள் உள்ளன, அவற்றை எடுத்துத் தர ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கிறார். வீர மரணத்தின் மறுபக்கத்தை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலுமா என்பது ஐயமே.

பிரகாசோ என்னும் பெண்ணின் கதையும் அங்கேயே தெரிய வருகிறது. அவளைக் கவர்ந்து சென்றவன் அல்லா ரக்கா என்னும் வண்டிக்காரன். பெற்றோருக்கு அது தெரியும். தேடிக் கொண்டுவரலாம் என்று சொல்லப்பட்டபோது அவர்கள் வேண்டா என்கின்றனர். இனி அவளை எந்த முகத்தோடு ஏற்பது என்பது அவர்கள் கவலை. இதுவும் கற்பனைக் கவலை அன்று. அன்றைய அரசு மதிப்பீடுகளின்படி இந்தியப் பகுதியில் கடத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் 50,000. பாகிஸ்தான் பகுதியில் கடத்தப்பட்ட இந்து, சீக்கியப் பெண்கள் 33,000. இரு நாட்டு அரசுகளும் 1947 டிசம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1947 மார்ச் முதல் நாளுக்குப் பின் கடத்தப்பட்டவர்களின் மதமாற்றம் செல்லாது எனப்பட்டது. அந்த நாள் குறிக்கப்பட்டதற்கு நாம் மேலே கண்ட பஞ்சாப் கலவரமே காரணம். 1949இல் இந்தியா இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. மீட்கப்பட்டோர் சுமார் 30,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் இந்தியாவிலிருந்து மீட்கப்பட்ட முஸ்லிம் பெண்கள். மீட்பு அலுவலர் வந்தபோது போக மறுத்தவர்களும் உண்டு. போன பின் வீட்டுக் கதவு திறக்கப்படாதவர்களும் உண்டு. சட்டம் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை. அதனால் சில குடும்பங்கள் இரண்டாம் முறையும் பிளவுபட்டன.

இனி, முன்பு நிறுத்திவைத்த வினாவுக்கு வருவோம். 50,000 என்ற அந்த எண்ணில் உள்ள முஸ்லிம் பெண்கள் ‘தமஸ்’ தொடரில் இல்லை. இருக்கவும் இயலாது, ஏனெனில் கதை 1947 ஆகஸ்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கிழக்குப் பஞ்சாபில், அமிர்தசரஸ், ஜலந்தர், லூதியானா மாவட்டங்களிலும் பாட்டியாலா, கபூர்தலா சமஸ்தானங்களிலும் அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் முஸ்லிம் சிற்றூர்கள் துடைத்தெறியப்பட்டன. அப்பகுதியின் முஸ்லிம் மக்கள் மாலேர்கோட்லா போன்ற சில இடங்கள் நீங்கலாக ஏறத்தாழ முற்றிலுமாக வெளியேற நேர்ந்தது. ராவல்பிண்டியை மட்டும் அறிந்த பார்வையாளர் இந்த மறுபாதியை அறியமாட்டார். எல்லைப் பகுதியின் அனுபவத்தை ஏட்டிலும் திரையிலும் மட்டுமே கண்ட தமிழகத்து மக்களுக்கு இக்குறை இன்னும் பெரிது. இவ்வகையில் 1988இல் எழுந்த கவலை பொருளற்றதன்று என்றே கொள்ள வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும் இதே குறை தலைகீழாக உண்டு. ரஸியா பட் எழுதிய ‘பானோ’ நாவலைத் தழுவிப் பாகிஸ்தானின் ஹம் டிவி 2010இல் ஒளிபரப்பிய ‘தாஸ்தான்’ தொடர், லூதியானாவில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றின் அழிவைக் காட்டுகிறது. கடத்தப்பட்டு ஒரு சீக்கியனின் வீட்டில் அடைபட்டுக் கிடந்து, பின்னர் பாகிஸ்தான் போய்ச் சேரும் பானோவுக்குத் தான் கனவு கண்ட நாடு அங்கே இல்லை. நடிப்பிலும் இயக்கத்திலும் உயர்ந்த தொடர்தான். ஆயினும் அங்கே எதிர்ப்புறத்து மனிதர்களுக்கு முகமே இல்லை என்னும்படி இருக்கிறது. ஒரு ராஜோவைத் தேடினால் கிடைப்பது அரிது. அதனை 2015இல் இந்தியாவில் ஜிந்தகி அலைவரிசை வேறு பெயரில் ஒளிபரப்பியது.

‘தமஸ்’ அவ்வாறு தன் தரப்புக் காயத்தை மட்டும் காட்டும் படைப்பா? இல்லை என்பது நம் துணிபு. காரணம், அது எழுதப்பட்ட வரலாறு. பீஷ்ம சாஹ்னி 1915இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் காங்கிரசுத் தொண்டராக அங்கே நிவாரணப் பணி செய்தவர். தோவா கால்ஸாவின் கிணறு போன்றவற்றைப் பற்றிக் கேட்டும் கண்டும் அறிந்தவர். எனினும் இருபதாண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றி நாவல் எழுதவில்லை. எழுதத் தூண்டியது 1970 மே மாதம் மகாராட்டிரத்துப் பிவண்டியில் நிகழ்ந்த கலவரம். விசைத்தறி நகரான அங்கு முஸ்லிம் நெசவாளர் மிகுதி. இறந்தவர்களுள் பெரும்பாலோரும் முஸ்லிம்களே. தமையன் பல்ராஜ் சாஹ்னியோடு அங்கே சென்ற பீஷ்ம சாஹ்னி, தறிகள் ஓசை அடங்கி, வீடுகள் எரிந்து, ஆளரவமற்றுக் கிடந்த சந்துகளில் நடக்கையில் ராவல்பிண்டியே கண்முன் வந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். திரும்பி வந்து எழுதத் தொடங்கியதுதான் ‘தமஸ்’.

அதாவது, முஸ்லிம்களின் எரிந்த வீடுகளைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தம் மக்களின் எரிந்த வீடுகள் நினைவுக்கு வந்தன. பழிக்குப் பழி என்று எண்ணுபவனுக்கு பிவண்டி ராவல்பிண்டிக்கு ஈடாகத் தோன்றியிருக்கும். இவருக்கு இரண்டும் ஒரே ஊராகத் தோன்றின. இத்தொடரில் எத்தனை இந்துக்கள் கெட்டவர், எத்தனை முஸ்லிம்கள் நல்லவர் என்று எண்ணி 1988இல் வாதிட்டவர்கள் இதனை அறிந்திருந்தால் வேறு வகையாக வாதிட்டிருக்கக் கூடும். நாவலில் ஷாநவாஸ் என்னும் செல்வந்தர் இந்து நண்பரின் குடும்பத்தைக் காப்பாற்றி, அவர்கள் விட்டுச் சென்ற நகைகளையும் எடுத்து வரப் போகிறார். போன இடத்தில் திடீரெனச் சினம் மூண்டு அவ்வீட்டு வேலைக்காரன் மில்கியைப் படியிலிருந்து உதைத்துத் தள்ளுகிறார். அதன் பிறகு நகைப் பெட்டியை நண்பர் வீட்டில் பத்திரமாக ஒப்படைக்கிறார். இவரை நல்லவர் பட்டியலிலா, கெட்டவர் பட்டியலிலா சேர்ப்பது?

தமையன் பல்ராஜ் பற்றியும் சொல்ல வேண்டும். பிவண்டிக்குப் பின் அவர் எம்.எஸ். சத்யூவின் ‘கர்ம் ஹவா’ படத்தில் சலீம் மிர்ஸாவாக நடித்தார். இஸ்மத் சுக்தாயின் கதையை ஒட்டிய அப்படம், ‘தமஸ்’ விட்டுச் சென்ற மறுபாதியின் ஒரு பகுதியை நிறைவு செய்கிறது. ஆக்ராவில் காலணித் தொழிற்சாலை நடத்தும் மிர்ஸா குடும்பத்தில் எவரும் வாளால் வெட்டப்படுவதில்லை. மூத்த சகோதரர் ஹலீம் பாகிஸ்தான் போகிறார். பூர்வீக ஹவேலி அவர் பெயரில் இருந்தமையால், வெளியேறியோர் சொத்து என்று அரசு அதனைக் கையகப்படுத்துகிறது. முதிய தாய் அவ்வீட்டை விட்டு இறங்க மறுக்கிறாள். மகள் ஆமினாவுக்குப் பேசிய மாப்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எல்லைக்கு அப்பால் மறைகின்றனர். வங்கி கடன் தர மறுக்கிறது. உளவாளி என்ற பழியும் வருகிறது. ரயில் நிலையத்துக்கு ஒவ்வொருவராக வழியனுப்பச் சென்று சென்று, இறுதியில் தாமும் மூட்டை கட்டும் நிலைக்கு சலீம் மிர்ஸா வருகிறார். கலவரம் ஒரு வாரத்தில் செய்வதைச் சட்டமும் ஐயமும் சில ஆண்டுகளில் செய்து முடிக்கும் என்பதை அப்படம் ஓசையின்றிக் காட்டியது. அதற்கும் தணிக்கைத் தடை வந்தது. பல மாதங்கள் முடக்கப்பட்டு 1974இல்தான் திரைக்கு வந்தது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே விருது ‘தமஸ்’ தொடருக்கும் வழங்கப்பட்டது.

பல்ராஜ் தம் படத்தைத் திரையில் காணவில்லை. சலீம் மிர்ஸாவுக்கான குரல் பதிவை முடித்துக் கொடுத்த மறுநாள், 1973 ஏப்ரல் 13இல், அவர் காலமானார். ராவல்பிண்டியை இழந்த இந்துக் குடும்பத்து மூத்த மகன் கடைசியாக ஏற்ற வேடம் ஆக்ராவை இழக்க மறுக்கும் முஸ்லிமுடையது. நிஹலானி ‘தமஸ்’ எடுத்தபோது பீஷ்ம சாஹ்னிக்கு எழுபது வயது கடந்திருந்தது. ராஜோவின் கதவைத் தட்டி, டிரங்குப் பெட்டியின் சாவியை எடுத்து நீட்டும் ஹர்னாம் சிங்காகத் தலைப்பாகை கட்டி நடித்தவர் அவரே.